செருப்பு மாட்டும் நேரம்

கேள்வி கேட்டவருக்கு ஐம்பது வயது. பதில் சொல்ல வேண்டியவருக்கு முப்பத்தாறு. குரு என்றால் தாடி நரைத்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் கிளியேந்தலுக்கு வந்து பார்க்கலாம்.

அங்கே சின்னதாக ஒரு சுகாதார மையம் இருக்கிறது. டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் நோயாளியைப் பார்ப்பதும், மருந்து கொடுப்பதும், யாரை வண்டி ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முடிவு செய்வதும் நர்ஸ் ஜெயராக்கினிதான். சுற்றிலும் விறகை எரித்துக் கரியாக்கக் கரிமூட்டம் போடுகிறவர்கள், மிளகாய் விதைக்கிறவர்கள். தன் உடம்பைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, அதைப் பற்றிப் பேச அதைவிடக் கூச்சம்.

ஜெயராக்கினிக்கு மாற்றல் வந்தது. அவர் இடத்துக்கு நியமிக்கப்பட்டவர் திருமேனி. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், இதய நோய்ப் பிரிவில் தலை நரைக்கிற வரை வேலை பார்த்த நர்ஸ். ஈசிஜி தாளைத் தலைகீழாக நீட்டினாலும் படித்துவிடுவார். பொறுப்பேற்கும் முன் ஒரு மாதம் ஜெயராக்கினியுடன் இருந்து பழகிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

வந்த அன்றே கேட்டார். "சிஸ்டர், இங்க நான் என்ன கத்துக்கணும்?"

"உங்களுக்குத் தெரியாதது கொஞ்சம்தாண்ணே இருக்கும். அது தன்னால வரும். இப்போதைக்கு ஊசியெல்லாம் நீங்களே போடுங்க."

மாதம் முழுக்க ஊசி போட்டது திருமேனிதான். தன் கைப்பக்குவத்தை ஊர் பார்க்கட்டும் என்று சிஸ்டர் விட்டுக்கொடுப்பதாக நினைத்துச் சந்தோஷப்பட்டார். ஒரு நாள் மருந்துக் குப்பி ஒன்று ஜெயராக்கினியின் கையிலிருந்து நழுவி உடைந்தது. "காலையில தலைக்கு எண்ணெய் வச்ச கை," என்று அவர் சிரித்தார். திருமேனியும் சிரித்துவிட்டு விளக்குமாறு எடுத்து வந்தார்.

ஒரே ஒரு விஷயம்தான் திருமேனிக்குப் பிடிக்கவில்லை. நோயாளியைப் பார்த்து முடித்ததும் ஜெயராக்கினியும் கூடவே எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். வாசலில் புங்கமரம். அதன் நிழலில்தான் எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போடுவார்கள். அங்கே ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்துகொண்டு, "மெதுவா மாட்டுங்க," என்பார். பிறகு ஆட்டுக்குட்டி, மழை, யார் வீட்டுக் கல்யாணம் என்று பேச்சு போகும். உள்ளே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருப்பார்கள்.

திருமேனி பொறுத்துப் பார்த்தார். பிறகு கேட்டேவிட்டார்.

"சிஸ்டர், இந்த ஊர்ல செருப்பு திருடு போகுமா?"

"போகாதே."

"அப்புறம் எதுக்கு இந்தக் காவல்?"

"நாளைக்கு உள்ள நீங்க பாருங்க," என்றார் ஜெயராக்கினி. "நான் வெளிய இருக்கேன்."

மறுநாள் சாத்தையா வந்தார். கரிமூட்டம் போடுகிறவர். புகையில் நின்று நின்று கண் எப்போதும் சிவந்திருக்கும். சொட்டு மருந்து வேண்டும் என்றார்.

திருமேனி கண்ணை மட்டும் பார்த்து அனுப்புகிற ஆள் இல்லை. பிரஷர் பார்த்தார், சுகர் பார்த்தார். "நெஞ்சு வலி உண்டா? மூச்சு வாங்குதா? மயக்கம், படபடப்பு?"

"ஒண்ணுமில்ல சார். கல்லு மாதிரி இருக்கேன்."

திருமேனி எல்லாவற்றையும் எழுதினார், சொட்டு மருந்தைக் கொடுத்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை.

சாத்தையா வாசலுக்கு வந்து குனிந்து செருப்பைத் தேடினார். முக்காலியில் ஜெயராக்கினி இருந்தார்.

"மருந்து குடுத்தாரா பெரியப்பா?"

"குடுத்தாரு. நல்ல மனுசன். நிறைய எழுதுறாரு."

"மெதுவா மாட்டுங்க. வடக்க மழை பெஞ்சுச்சாமே?"

"தூத்தல்தான்." ஒரு செருப்பு மாட்டியாயிற்று. அடுத்ததைக் காலால் துழாவிக்கொண்டே, "நர்சம்மா, இன்னொன்னு," என்றார் சாத்தையா. "பல்லு வலிக்கு மாத்திரை இருந்தா ஒண்ணு குடுங்களேன்."

"எந்தப் பக்கம்?"

இடது தாடையைத் தொட்டுக் காட்டினார்.

"வாயைத் திறங்க." பார்த்தார். "இந்தப் பக்கம் பல்லே இல்லையே பெரியப்பா."

"அது விழுந்து ரொம்ப நாளாச்சு."

"இல்லாத பல்லு எப்ப வலிக்குது?"

"விறகு சுமந்து நடந்தா வலிக்கும். இறக்கி வச்சா நின்னுரும்." செருப்பைப் பார்த்தபடியே சொன்னார். "இன்னைக்குக் காலையில இறக்கி வச்சேன், நிக்கல."

ஜெயராக்கினி எழுந்து அவர் தோளைப் பிடித்து முக்காலியில் உட்காரவைத்தார். "அண்ணே, ஈசிஜி எடுத்துட்டு வாங்க," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். நடந்ததை இரண்டே வாக்கியத்தில் சொன்னார்.

திருமேனிக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. இதயம் கெட்டுப்போனால் தாடையில் வலி காட்டும் என்பது அவருக்கு மனப்பாடம். மெஷினிலிருந்து தாள் முழுதாக வெளியே வருமுன்பே படித்துவிட்டார். ஜெயராக்கினி டாக்டருக்கும் நூற்றியெட்டுக்கும் போன் போட்டார். டாக்டர் சொன்ன மாத்திரைகளைத் திருமேனி மென்று விழுங்கக் கொடுத்தார். ஒரே குத்தில் நரம்பைப் பிடித்து ஊசியை ஏற்றி வைத்தார். வண்டி வந்ததும் தானும் ஏறிக்கொண்டார்.

"ஒரு பல்லுக்கா சார் இம்புட்டு?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனார் சாத்தையா.

சாயங்காலம் திருமேனி திரும்பி வந்தார். "பொழச்சுக்கிட்டாரு," என்றார். "நேரத்துக்குக் கொண்டாந்தீங்கன்னு சொன்னாங்க."

சந்தோஷமான செய்தி. ஆனால் முகத்தில் கோபம் இருந்தது.

"நான் கேட்டேன் சிஸ்டர். நெஞ்சு வலிக்குதான்னு வாய்விட்டுக் கேட்டேன். இல்லைன்னாரு."

"இல்லதானே. அவருக்கு வலிச்சது பல்லு."

"அதையாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உள்ள மேசை இருக்கு, பேனா இருக்கு. சொன்னா எழுதிருவீங்க. எழுதிட்டா அது வியாதி. வெளிய வந்தா வெறும் பேச்சு. குனிஞ்சு செருப்பு மாட்டும்போது யார் மூஞ்சியையும் பார்க்க வேண்டாம் பாருங்க."

மறுநாளிலிருந்து முக்காலியில் திருமேனி உட்கார்ந்தார். உட்கார்ந்து என்ன? ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டால், "இல்ல சார், வர்றேன்," என்று கிளம்பினார்கள். ஒரு பெண் இவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே போய்விட்டாள். திருமேனிக்கு அது சுருக்கென்று தைத்தது.

"வெளிய உக்காந்துக்கிட்டு உள்ள கேக்குற கேள்வியையே கேக்குறீங்க," என்றார் ஜெயராக்கினி.

"வேற என்ன கேக்குறது?"

"மழை பெஞ்சுச்சான்னு கேளுங்க."

கேட்டார். மழையைப் பற்றி நிறையச் சொன்னார்கள். மழையைப் பற்றி மட்டும் சொன்னார்கள்.

அந்த வாரம் முடிந்தால் ஜெயராக்கினி போய்விடுவார். திங்கட்கிழமையிலிருந்து இந்த ஊரின் உடம்பு முழுக்கத் தன் பொறுப்பு என்பது திருமேனியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஈசிஜி அவருக்குப் பயமில்லை. ஊசியும் மருந்தும் பயமில்லை. இன்னொரு சாத்தையா வருவார். தாடையைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டுவார். இந்த முக்காலியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் படுப்பார். அதுதான் பயம்.

கடைசி நாள். ஜெயராக்கினி மருந்து அலமாரிச் சாவியைக் கொடுத்தார். குளிர்பெட்டி மக்கர் செய்தால் எங்கே தட்டவேண்டும் என்று காட்டினார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"சிஸ்டர்," என்றார் திருமேனி. "என்கிட்டயும் சொல்லுவாங்களா?"

ஜெயராக்கினி பையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். வாசலுக்கு நடந்தார். திருமேனியும் பின்னாலேயே வந்தார். திரும்பக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார், கேட்கவில்லை.

புங்கமரத்தடியில் செருப்பு ஒரு ஜோடிதான் கிடந்தது. ஜெயராக்கினி குனிந்தார். வலது கையால் கொக்கியை மாட்டப் பார்த்தார், நழுவியது. மறுபடி மாட்டினார், மறுபடியும் நழுவியது. இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"மெதுவா மாட்டுங்க," என்றார் திருமேனி.

ஒரு செருப்பு மாட்டியாயிற்று. அவர் நிமிரவில்லை.

"அண்ணே, இன்னொன்னு."

"சொல்லுங்க."

"இந்த ரெண்டு விரலும் மரத்துப் போகுது. சித்திரையிலேருந்து. ஊசியைப் பிடிச்சா, பிடிச்சிருக்கேன்னே தெரியல. வெளிய தெரிஞ்சா வேலையை விட்டு எடுத்துருவாங்களோன்னு பயம். யார்கிட்டயும் சொல்லல."

மாதம் முழுக்க ஊசியெல்லாம் தன் கைக்கு வந்தது ஏன் என்று திருமேனிக்கு அப்போது விளங்கியது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.