கரட்டுக்காட்டுக் கம்பு

பண்ணையார் மாரப்பனின் தொழுவத்தில் சாணி அள்ளுபவள் பாவாத்தாள். தனக்கும் துண்டு நிலம் வேண்டுமென்று அவள் கேட்டதும், ஊர்க்கூட்டமே பார்க்கப் பண்ணையார் இடியிடியெனச் சிரித்தார்.

"கல்லாக் கெடக்குற என் கரட்டுக்காட்டுல ஒரு மூட்டை கம்பு விளைய வச்சுக் காட்டு. காடே உனக்குத்தான்!"

"சரிங்க எசமான். தொழுவத்துச் சாணியை மட்டும் எனக்கு விட்டுருங்க."

"அள்ளிக்கோ! எனக்கெதுக்கு அந்தக் கருமம்?"

முதல் வருஷம் முழுக்கக் கல்லைப் பொறுக்கினாள், சாணியைக் கொட்டினாள். மறுவருஷம் கொள்ளு விதைத்து, பூத்த நேரத்தில் அப்படியே மண்ணுக்கு உரமாக மடக்கி உழுதாள். "கைக்கு வந்ததை மண்ணுல போடுறா, கிறுக்கச்சி!" என்றார் பண்ணையார்.

மூன்றாம் வருஷம் எட்டு மூட்டை கம்பு.

"மூணு வருஷம் ஆயிடுச்சே!" என்று குதித்தார் பண்ணையார்.

"நீங்க கெடு சொல்லலீங்க, நானும் அவசரப்படலீங்க. ஆமா, எருவே காணாத உங்க தோட்டத்துல இந்த வருஷம் எத்தனை மூட்டைங்க?"

மூட்டைகளைப் பார்க்கக் கூடிய கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஊரே சாட்சி, வேறு வழியில்லை, பண்ணையார் காட்டை எழுதிக் கொடுத்தார்.

மறுவாரமே அவள் காட்டுக்கு வந்தார். "இனிமே சாணி எனக்கே வேணும் புள்ள. என் மண்ணும் தேறணுமில்ல?"

"தாராளமா எடுத்துக்கங்க எசமான்" என்றாள் பாவாத்தாள். "சாணி இருக்குது. மூணு வருஷப் பொறுமை இருக்குதுங்களா?"