நாலு விரக்கடை தள்ளி

ஆவாரங்குளத்தின் தென்கரையில் பறவைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே சொல்லித்தந்தது ஒரே பாடம்தான்: மீன் பிடிப்பது. பறவைக்கு வேறென்ன வேண்டும்? வயிறு நிறைந்தால் பாட்டு தானாக வரும்!

வாத்தியார் ஒரு நாரை. நெட்டைக் கால், நீண்ட மூக்கு, சிரிக்காத முகம். ஆனால் நல்லவர், நேர்மையானவர். ஓரவஞ்சனை என்பதே கிடையாது. அண்ணன் மகனே மீனைத் தவறவிட்டாலும் தவறவிட்டதுதான்.

அவருடைய பாடம் ஒரே வரி.

"மீன் எங்கே தெரியுதோ, அங்கே கொத்து! அவ்வளவுதான்!"

எட்டு நாளுக்கு ஒரு பரீட்சை. ஒவ்வொரு பிள்ளையும் பத்துத் தடவை பாய வேண்டும். மீன் கிடைத்தால் அந்தப் பிள்ளையின் முன்னால் வாத்தியார் ஒரு நத்தை ஓடு வைப்பார். கிடைக்காவிட்டால் ஒரு கருவேல முள். பத்தும் முடிந்ததும் எண்ணிப் பார்த்து, "ம், போகலாம்" என்பார். பிள்ளைகள் பறந்துவிடும். அதோடு சரி.

கொக்குக் குஞ்சுக்கு எட்டு ஓடு. நீர்க்காகப் பயல் கருப்பட்டிக்கு ஒன்பது ஓடு. அவன் அன்றெல்லாம் கழுத்தை நிமிர்த்திக்கொண்டுதான் திரிவான்.

அதே வகுப்பில் குவளை என்று ஒரு மீன்கொத்திப் பெண் இருந்தாள். நல்ல நீலம், சின்ன உடம்பு, பெரிய கண். அவளுக்குப் பத்தும் முள்! அதற்கு முந்தைய பரீட்சையிலும் பத்து முள். அதற்கும் முந்தையதிலும் பத்து!

மீன்கொத்தி வம்சத்தில் பிறந்தவளுக்கு மீன் கொத்த வரவில்லை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு அழுகை வந்தது.

"என்ன பொண்ணு நீ? கவனம் பத்தாது! நல்லாப் பாரு! வேகமாப் பாய்!" என்றார் வாத்தியார்.

பாவம், அவள் நல்லாத்தான் பார்த்தாள். வேகமாகத்தான் பாய்ந்தாள். மூக்கு முன்னைவிட ஆழமாகச் சேற்றில் குத்தி நின்றதுதான் மிச்சம்.

"குவளை! இந்த முள்ளையெல்லாம் சேர்த்து வச்சா உங்க வீட்டுக்கு வேலி கட்டிரலாம்!" என்றான் கருப்பட்டி. எல்லாரும் சிரித்தார்கள். குவளையும் சிரிப்பது போல் அலகைத் திறந்து மூடினாள்.

வீடு என்பது கரைமண்ணில் ஒரு பொந்து. அப்பாவைக் கோடையிலேயே பருந்து கொண்டுபோய்விட்டது. உள்ளே புதிதாகப் பொரித்த மூன்று குஞ்சுகள். மூன்றும் எந்நேரமும் வாயைத் திறந்தபடி இருந்தன. அம்மா நாள் முழுக்கப் பாய்ந்து பாய்ந்து மீன் கொண்டுவந்தாள். மூன்று சின்னதுகளுக்கும் கொடுத்து, பெரியவளுக்கும் கொடுத்து, கடைசியில் வெறும் அலகைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அம்மா மேற்கே பார்த்தாள்.

"மேகம் கட்டுது குவளை. எட்டு நாள்ல மழை இறங்கிரும். தண்ணி செக்கச்செவேல்னு கலங்கிப்போயிரும். பிறகு எனக்கே ஒரு நாளைக்கு ரெண்டு மீன் அகப்பட்டாப் பெரிசு. அதை வச்சு அஞ்சு வயித்தை எப்படி நிரப்புறது? உன்னைத் திட்டலம்மா. ஆனா அதுக்குள்ள எப்படியாவது கத்துக்க, தாயி."

அம்மாவின் நெஞ்செலும்பு இறகுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதைக் குவளை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் பள்ளி விட்டதும் அவள் தனியாகக் குளத்துக்கு வந்தாள். வழக்கமான கருவேலங்கிளையில் உட்கார்ந்தாள். கோரைப்புல் மறைவில் வாத்தியார் ஒற்றைக் காலில் நின்று கண்ணயர்ந்திருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் இருந்த மீன்களும் பார்க்கவில்லை. அவர் காலைக் கோரைத் தண்டு என்று நினைத்து அதைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தன.

"ஐயையோ, மீன்கொத்தி!" என்று ஒரு அயிரைக் குஞ்சு பதறியது.

"ஓடாதே! நில்லு!" என்றது ஒரு கிழட்டுக் கெண்டை. "அது குவளை. அந்தப் புள்ள வந்தா இருந்த இடத்துல அசையாம இருக்கணும்."

"கொத்திராதா?"

"கொத்தும். ஆனா நம்மளைத் தாண்டி, மேலாப்புல, நாலு விரக்கடை தள்ளிக் கொத்தும். எத்தனையோ தடவை பார்த்தாச்சு. ஒரு தடவைகூட மாறினதில்ல. ஓடினாத்தான் ஆபத்து!"

(மீனுக்கு ஏது விரல் என்று குறுக்கே கேட்கக் கூடாது. கதையைக் கேளுங்கள்.)

பொத்தென்று குவளை பாய்ந்தாள். கெண்டையைத் தாண்டி, மேலாப்பில், சரியாக நாலு விரக்கடை தள்ளி விழுந்தாள். வெறும் தண்ணீரைக் கவ்விக்கொண்டு கிளைக்குத் திரும்பினாள்.

"சொன்னேன்ல? நல்ல புள்ள, பாவம். ஒழுங்கா வர்றா, ஒழுங்காத் தப்புறா!" என்றது கெண்டை.

அரைத் தூக்கத்தில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வாத்தியாரின் கண் விழித்துக்கொண்டது. கெண்டை அவர் மூக்குக்கு நேர் கீழேதான் நின்றது. ஒரு குத்தில் முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு மீன் நினைப்பே வரவில்லை.

'முப்பது முள் போட்டேனே! எங்கே விழுந்தாள் என்று ஒரு தடவையாவது பார்த்தேனா? மீன் வந்ததா, வரலையா, அதை மட்டும்தானே பார்த்தேன்! நான் பார்க்காததை இந்தக் கெண்டை பார்த்திருக்கிறது. தின்னப்பட வேண்டிய கெண்டை! வாத்தியார் நானா, அதுவா?'

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. தண்ணீரைக் கலக்கிக்கொண்டு கருவேல மரத்தடிக்கு நடந்தார். மீன்கள் அலறி ஓடின.

"குவளை!"

அவள் நடுங்கிப்போனாள். "சார்! முள் போட்டுறாதீங்க சார்! இது பரீட்சை இல்ல சார், நான் சும்மாதான் பாய்ஞ்சு பார்த்தேன்!"

வாத்தியார் நீண்ட கழுத்தைத் தாழ்த்திக்கொண்டார்.

"முள் கொண்டாரல தாயி. நீ எங்க உட்கார்ந்து பாயறே? அந்த இடத்துல நான் கொஞ்சம் உட்காரணும்."

"இங்கயா? நீங்களா?"

அவர் பறந்து அந்தக் கிளையில் உட்கார்ந்தார். மீன்கொத்திக்கு ஏற்ற கிளை நாரையைத் தாங்குமா? தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு வளைந்தது. வாத்தியார் இறக்கையை அடித்துத் தத்தளித்தார். குவளைக்குக் கிளுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து இப்போதுதான் அவள் நிஜமாகச் சிரித்தாள்.

ஒருவழியாக நிலைப்பட்டு அவர் தண்ணீரைப் பார்த்தார். நட்ட நடுவே வளையாமல் சாய்ந்து நின்ற கோரைத் தண்டு, தண்ணீருக்குள் போன இடத்தில் ஒடிந்த மாதிரித் தெரிந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தார். கிளையை விட்டுப் பறந்து, தண்டுக்கு நேர் மேலே போய்ப் பார்த்தார். ஒடிசல் இல்லை! திரும்பக் கிளைக்கு வந்து பார்த்தார். ஒடிசல்!

"அடக் கடவுளே!" என்றார் வாத்தியார். "நான் தண்ணிக்குள்ள நின்னு, மீனுக்கு நேர் மேலே தலையை நீட்டிக் கொத்துறவன். எனக்கு மீன் தெரியுற இடத்துலயே இருக்கும். நீ கிளையில இருந்து சாய்வாப் பார்க்கிறே. உனக்கு அது இருக்கிற இடம் வேற, தெரியுற இடம் வேற!"

"அப்போ நான் கவனமாப் பார்க்கலையா சார்?"

"கவனமாத்தான் பார்த்திருக்கே. கவனமாப் பார்த்ததாலதான் அத்தனை தடவையும் ஒரே மாதிரி தள்ளி விழுந்தே. தப்பு உன்கிட்ட இல்ல. என் பாடத்துல. என்னை மன்னிச்சிரு."

வாத்தியார் மன்னிப்புக் கேட்டு அந்தக் குளம் பார்த்ததில்லை. குவளை காலால் கிளையைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள்.

"சரி, வா. தெரியுற மீனை விட்டுரு. அதுக்குக் கீழே, உன் பக்கமா, நாலு விரக்கடை தள்ளிக் குறி வை."

குவளை பாய்ந்தாள். எங்கேயோ போய் விழுந்தாள்! மீனுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை.

"இரு இரு," என்றார் வாத்தியார். "தண்ணியைத் தொடுறதுக்கு முன்னாடி நீ கண்ணை மூடுறியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இப்பத்தான் சார், நீங்க பக்கத்துல நின்னு பார்க்கவும். பாயும்போதே முள்ளு முள்ளாத் தெரியுது. பயத்துல மூடிக்கிச்சு."

வாத்தியார் தண்ணீரில் இறங்கி நின்று மெதுவாகச் சொன்னார்.

"இனிமே உன் தப்பை நான் எண்ண மாட்டேன். நீ விழுற இடத்துல போய் என் மூக்கை வைக்கிறேன். மீன் நின்ன இடத்துல கால் வைக்கிறேன். நடுவுல எவ்வளவு இடைவெளின்னு நீயே வந்து பாரு. அவ்வளவுதான். சரியா?"

"சரி சார்."

பாய்ந்தாள். "கண்ணு திறந்திருந்துச்சு, நல்லது! ஆனா ரெண்டு விரக்கடை கூடுதலாக் கீழே போயிட்டே." மறுபடி பாய்ந்தாள். "இப்ப ஒரு விரக்கடை மேலே." மறுபடி. மறுபடி. நெட்டைக்கால் வாத்தியார் அங்கும் இங்கும் ஓடி ஓடி மூக்கை வைத்துக் காட்டினார். அவருக்கு மூச்சு வாங்கியது.

மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். மூன்றாம் நாள் அவள் பாய்ந்து திரும்பியபோது வாத்தியார் வாயே திறக்கவில்லை.

"எங்க விழுந்தேன் சார்?"

"நீயே சொல்லு."

குவளை யோசித்தாள். "வாலை உரசிட்டேன் சார். மீன் முன்னாடி நகருதுல்ல? அப்போ தலைக்கு முன்னாடி குறி வைக்கணுமோ?"

"எனக்குத் தெரியாது. வச்சுப் பாரேன்!" என்றார் வாத்தியார். அவருக்கு நன்றாகவே தெரியும்.

தண்ணீருக்கு அடியில் கிழட்டுக் கெண்டைக்கு முகம் வெளுத்துவிட்டது. "முந்தாநேத்து ரெண்டு விரக்கடை. நேத்து ஒண்ணு. இன்னைக்கு வாலு! பிள்ளைகளா, நான் சொன்னதை மறந்துருங்க. இனிமே அவளைக் கண்டா ஓடுங்க!"

பரீட்சை நாள் வந்தது. வாத்தியார் ஓடும் கொண்டுவரவில்லை, முள்ளும் கொண்டுவரவில்லை.

"எனக்கு எத்தனை சார்?" என்று கருப்பட்டி கேட்டான்.

"எத்தனைங்கிறது உன் வயித்துக்குத் தெரியும். நான் வேற ஒண்ணு சொல்றேன். நீ எப்பவும் இடது பக்கமாவே திரும்புறே. வலது பக்கம் ஓடுற மீன் எல்லாம் தப்பிச்சிருது. இத்தனை நாள் எனக்கே தெரியலடா!"

கருப்பட்டி வாயைப் பிளந்தான். பிறகு விடுவிடுவென்று தண்ணீருக்குள் போய், வலது பக்கம் திரும்பிப் பழக ஆரம்பித்தான். அன்றைக்கு அவன் யாரையும் கேலி பேசவில்லை. நேரம் இல்லை.

கடைசியாகக் குவளை. மேற்கே இடி உருண்டது. அம்மா சொன்னபடியே எட்டாம் நாள் மழை வந்துவிட்டது! முதல் துளிகள் தண்ணீரில் வட்டம் வட்டமாக விழுந்தன. வாய்க்கால் வழியாகச் செந்தண்ணீர் குளத்துக்குள் இறங்கத் தொடங்கியது.

"கலங்குறதுக்கு முன்னாடி பாய், தாயி!" என்று வாத்தியார் கத்தினார்.

அவள் கண்ணைத் திறந்தபடி பாய்ந்தாள். வாத்தியார் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார். எழும்பி வந்தபோது அவள் அலகில் ஒரு வெள்ளிக்கெண்டைக் குஞ்சு துடித்தது!

பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மழைத்தண்ணி கண்ணில் விழுந்துவிட்டது என்று பிறகு சொன்னார். அப்படியே வைத்துக்கொள்வோம்.

குவளை நிற்கவில்லை. மழைக்குள் நேராகப் பொந்துக்குப் பறந்தாள். அம்மா வாசலில் கலங்கிய தண்ணீரைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே மூன்று வாய்களும் கத்தின. குவளை மூன்றையும் தாண்டிப்போய் அம்மாவின் முன்னால் மீனை வைத்தாள்.

"இது உனக்கு," என்றாள். "நீ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் இங்கயே நிப்பேன். பிறகு இதுகளுக்குப் பிடிக்கப் போறேன்."

அம்மா மீனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் ஒரு முழு மீன் சாப்பிட்டாள்.

தவறிவிட்டாய் என்று மட்டும் சொன்னால் பிள்ளைக்குப் பயம்தான் மிஞ்சும். எங்கே தவறினாய் என்று கூடவே நின்று காட்டினால் கற்காத பிள்ளை இல்லை.