வடக்கு வாசலில் கேமரா, தெற்கு வாசலில் தெய்வானை

"எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தியைவிட நான் எதில் குறைஞ்சுபோனேன், மதர்?"

மதர் செலஸ்தீன் பள்ளி வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

கேட்டவள் ஜான்சி. போக்குவரத்துக் காவலில் சப்-இன்ஸ்பெக்டர். அதே கான்வென்ட்டில் பன்னிரண்டு வருடம் படித்தவள். இன்றைக்கும் மனசு குழம்பினால் மதரிடம்தான் வந்து நிற்பாள். மதர் பதில் சொல்வது அபூர்வம். கையில் இருப்பதை எடுத்து நீட்டுவார், அவ்வளவுதான்.

இப்போது கையில் இருந்தது ஈரத்துணி. நீட்டினார்.

ஜான்சி வாங்கிக்கொண்டாள். துடைத்தபடியே பொரிந்து தள்ளினாள்.

கான்வென்ட்டை ஒட்டி நெடுஞ்சாலை. கான்வென்ட்டுக்கு இரண்டு வாசல்.

வடக்கு வாசலுக்குச் சற்று முன்னால் ஜான்சியின் கேமரா. அதைக் கொண்டுவர அவள் ஒன்றரை வருடம் மனுவும் கையுமாக அலைந்தாள். காரணம் எல்லோருக்கும் தெரியும். அவள் மகள் மெர்லின் அங்கேதான் ஒன்றாம் வகுப்பு. எங்கே யார் பிரேக் அடித்தாலும் ஜான்சிக்கு ஒரு நொடி மூச்சு நின்றுவிடும்.

கேமரா வந்தது. வேகமாகப் போனவர்களின் வீடு தேடி அபராதச் சீட்டும் போனது. கேமராவுக்குக் கீழே லாரிகள் பூனை மாதிரி நடந்தன.

நூறடி தாண்டியதும் பழையபடி புலி.

அந்த நூறடி தாண்டிய இடத்தில்தான் வாசல். இரண்டு மாதத்துக்குள் அங்கே ஒரு பால்காரர் சைக்கிளோடு விழுந்து கையை உடைத்துக்கொண்டார்.

தெற்கு வாசலில் கேமரா கிடையாது. வேகத்தடைகூடக் கிடையாது. ஒரு தள்ளுவண்டி, அவித்த கடலை, அதை விற்கிற தெய்வானை. காலையும் மாலையும் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுவாள். அந்தப் பக்கம் எப்போதும் ஒரே கூச்சல்.

ஆனால் நாலு வருடமாக ஒரு பிள்ளை முழங்காலில்கூடச் சிராய்ப்பு இல்லை.

"கேமரா வந்த அன்னைக்கு நீங்க 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்க, மதர். அவளுக்கு உங்க ஆபீஸ் நாற்காலியையே தூக்கிக் குடுத்திருக்கீங்க."

"அவளுக்குக் கால் வலி."

"எனக்கு மனசு வலிக்குது."

"அதுக்கு நாற்காலி இல்லையே."

ஜான்சி துணியைப் பிழிந்தாள். தெய்வானையின் கழுத்தாக இருந்திருந்தால் இன்னும் நன்றாகப் பிழிந்திருப்பாள்.

"திங்கட்கிழமையிலருந்து எல்லாப் பிள்ளைங்களையும் வடக்கு வாசல் வழியா விடுங்க, மதர். தெற்கு வாசலைப் பூட்டிடுங்க. சட்டம் இருக்கிற பக்கம்தானே பாதுகாப்பு?"

மதர் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

வாசல் சாவி அல்ல. வேன் சாவி.

"ஓட்டு."

ஜான்சி ஓட்டினாள். பக்கத்தில் மதர். வடக்கே சுற்றிக்கொண்டு வந்து, கேமராவைத் தாண்டி, வாசலைத் தாண்டினாள்.

"பார்த்தீங்களா, மதர்? நாற்பதுதான் எல்லை. நான் முப்பத்தொன்பது!"

"வாசல்ல யார் நின்னா?"

"எந்த வாசல்ல?"

"இப்போ தாண்டினோமே."

 

"மீட்டர் முள்ளைப் பார்த்துட்டிருந்தேன், மதர்."

"ம்."

வேனைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். வாசலில் ஒரு சிஸ்டரும், மஞ்சள் தொப்பி போட்ட எட்டு எல்.கே.ஜி. குழந்தைகளும் நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் வேனுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் தடவை தாண்டியபோதும் அப்படித்தான் காட்டியிருப்பார்கள்.

  முள்ளைப் பார்த்ததில் ஒரு நொடி கவனம் தப்பிவிட்டது, இதெல்லாம் ஒரு விஷயமா என்று ஜான்சி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் மெர்லினுக்குத் தலை பின்னிவிடும்போது சொன்னாள்.

"இனிமே நீ வடக்கு வாசல்லதான் இறங்கணும்."

"மாட்டேன். தெய்வா அத்தை பக்கம்தான் விளையாட்டு இருக்கு."

"அவ உனக்கு எந்த ஊர் அத்தை?"

மெர்லின் யோசித்தாள். "கடலை ஊர்."

"ரோட்டுல என்னடி விளையாட்டு?"

"நீ வந்து பாரேன். நீதான் வரவே மாட்டியே. அத்தை கை எப்பவும் சூடா இருக்கும்மா. புடிச்சுக்கிட்டா பயமே வராது."

"கடலை அள்ளுற கை. சூடாத்தான் இருக்கும்."

"அம்மா, வலிக்குது. இவ்வளவு இறுக்கிப் பின்னாத."

ஜான்சிக்கு வயிறு எரிந்தது. ஒன்றரை வருடம் நடையாய் நடந்தது யாருக்காக? இந்தப் பிள்ளை பிடித்துக்கொள்ள அந்தக் கைதானா கிடைத்தது?

அந்த எரிச்சலில் ஒரு யோசனை முளைத்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கே அவளுக்கு டூட்டி; மெர்லினைப் பள்ளியில் விடுவது எப்போதும் கணவன் வேலை. ஏழரைக்கு ஒரு இடைவேளை வரும். பள்ளிக்கூடம் எட்டே முக்காலுக்கு. ஏழரைக்குத் தெய்வானை மட்டும் கடலை அவித்துக்கொண்டிருப்பாள். சாலையில் ஈ காக்கா இருக்காது. அவள் கண்ணெதிரே ஸ்கூட்டரில் அறுபதில் பறக்க வேண்டும். பறந்துவிட்டு நேராக மதரிடம் போக வேண்டும். 'பார்த்தீங்களா மதர், கேமரா இல்லாத பக்கம் ஒரு எஸ்.ஐ.யே பறக்கலாம். உங்க தெய்வானையால என்ன பண்ண முடிஞ்சது?'

யாருக்கும் ஆபத்தில்லை. ஒரே ஒரு தடவை.

அப்படியே செய்தாள். சீருடைக்கு மேல் ஒரு மழைக்கோட்டு. ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டாள். வளைவு தாண்டியதும் கைப்பிடியை முறுக்கினாள்.

ஐம்பது. ஐம்பத்தைந்து. முள்ளைப் பார்த்தாள். அறுபது.

"மெர்லின்!"

ஒரு குரல் அல்ல. முப்பது குரல்.

"மெர்லின்! மெர்லின்! மெதுவாஆஆ!"

கை பிரேக்கை நசுக்கிவிட்டது. புத்தி பிறகுதான் வந்து சேர்ந்தது. ஸ்கூட்டர் வழுக்கி, ஆடி, கோணலாக நின்றது.

இரண்டு கை தூரத்தில் சாலையின் குறுக்கே வரிசையாகப் பிள்ளைகள்.

முதல் வெள்ளிக்கிழமை.

மாதத்தின் முதல் வெள்ளி என்றால் பூசைக்குப் பிள்ளைகள் ஏழரைக்கே வந்துவிடுவார்கள். பன்னிரண்டு வருடம், தூக்கக் கலக்கத்தோடு, அவளே அப்படி வந்தவள். அதை எப்படி மறந்தாள்?

வரிசையின் நடுவில், தெய்வானையின் கையைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே குதித்தது ஒரு பிள்ளை.

"அத்தை, என் பேரு! என் பேரு போட்ட வண்டி!"

ஜான்சி குனிந்து பார்த்தாள். ஸ்கூட்டரின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் 'மெர்லின்'. பிள்ளை பிறந்த வாரம் கணவன் ஒட்டியது. அதைப் பார்த்தே வருடக்கணக்காகிவிட்டது.

ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள்.

"ஆத்தாடி, எஸ்.ஐ. அம்மாவா!" என்றாள் தெய்வானை.

"அம்மா அவுட்!" என்று கத்தினாள் மெர்லின். "நின்னுட்டா! நின்னவங்க எல்லாரும் அவுட்!"

 தெய்வானையே ஸ்கூட்டரைப் பிடித்து ஓரங்கட்டினாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. எனக்கு எழுத்துத் தெரியாது. வர்ற வண்டி நெத்தியில என்ன போட்டிருக்குன்னு இதுங்களைக் கேப்பேன். இதுங்க மெதுவாச் சொல்லுமா? தொண்டை கிழியக் கத்துங்க. லாரிக்காரன்லாம் அவனவன் பிள்ளை பேரைத்தானே எழுதி வச்சிருக்கான்? ரோட்டோரம் அந்தப் பேரைக் கேட்டா, பாவம், கால் தானா பிரேக்குக்குப் போயிடுது. சிலபேர் இறங்கிக் கடலைகூட வாங்குறாங்க."

 ஜான்சி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்:

"கேட்டுக் கேட்டு எழுத்து வந்துச்சா?"

"சின்னப் பேருன்னா படிச்சிடுவேன். 'கிருத்திகா'ன்னு வந்தா இன்னும் மூச்சு வாங்குது."

பூசை முடிந்ததும் ஜான்சி மதரின் முன்னால் நின்றாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"என் பேருக்கே ஒரு அபராதச் சீட்டு எழுதிக்கிறேன், மதர்."

"எழுது."

"இனிமே என்ன தைரியத்துல அந்தக் கேமரா? கழட்டச் சொல்லிடவா?"

மதர் அவளைத் தெற்கு வாசலுக்குக் கூட்டிப்போனார். தெய்வானை அடுத்த வரிசையைக் கடத்தத் தயாராக நின்றாள்.

தூரத்தில் ஒரு வெள்ளைக் கார். நெற்றி வெறுமையாக இருந்தது. சாமி பெயர் இல்லை, பிள்ளை பெயர் இல்லை.

பிள்ளைகள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். கூப்பிட ஒன்றும் இல்லை.

தெய்வானை இரண்டு கையையும் விரித்து முப்பது பேரையும் பின்னுக்குத் தள்ளினாள். கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. அவள் சேலைத் தலைப்பு அது போன திசையில் பறந்தது.

மதர் ஜான்சியைப் பார்த்தார்.

"அவனை யாரு கூப்பிடுவா?"

 ஜான்சி தள்ளுவண்டியை நோக்கி நடந்தாள்.

"அக்கா."

தெய்வானை திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்து.

"உங்களைத்தான்க்கா. திங்கட்கிழமை வடக்கு வாசலுக்கு ஒரு பத்துப் பிள்ளைங்களை அனுப்புவீங்களா? கேமரா அது பாட்டுக்கு இருக்கட்டும். அதைத் தாண்டி நான் நிக்கிறேன்."

"கேமராவையே கத்தச் சொல்லுங்களேன்," என்று சிரித்தாள் தெய்வானை. ஜான்சியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நல்ல தொண்டையாப் பார்த்து அனுப்புறேம்மா."

திங்கட்கிழமை பத்துப் பேர் வந்தார்கள். அந்தப் பத்தில் மெர்லின் இல்லை.

கூப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. "நீ உன் வாசலப் பாரும்மா, நான் அத்தைகூட இருக்கேன்" என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டது பிள்ளை. அதை நினைக்க நினைக்க ஜான்சிக்கு உள்ளே எரிந்தது. அன்றைக்குத் தலை பின்னும்போது எரிந்த அதே இடம்.

கேமராவின் கீழே ஒரு லாரி பூனையாக வந்தது. தாண்டியது. டிரைவர் கியரை மாற்றுகிற சத்தம் கேட்டது.

"மேடம், பேரு தெரியுது!" என்றான் முன்னால் நின்ற பையன்.

ஜான்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

லாரியின் நெற்றியில், பச்சை எழுத்தில், சுற்றிலும் பூப்போட்டு எழுதியிருந்தது: தெய்வானை.

பத்துப் பிள்ளைகளும் அவள் வாயையே பார்த்தார்கள்.

லாரி உறுமியது.

ஜான்சி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, தெற்கு வாசல் வரைக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"தெய்வானை!"