நல்லாள் நின்ற வாசல்

எஸ்தர் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பழைய கோட்டை நகரத்துத் தெருக்களைச் சுற்றிக்காட்ட ஆட்களை நடையாகக் கூட்டிப்போவார். ராஜாக்களைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. கோட்டைக்கு மண் சுமந்தவர்கள், அகழி தூர் வாரியவர்கள், பல்லக்குத் தூக்கியவர்கள் என்று இவர்களைப் பற்றியே பேச்சு.

தாலுகா ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற சிங்காரவேலர் ஒரு வருஷமாக இந்த ஞாயிறு நடைகளில் அவருடைய மாணவர். எஸ்தரைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். தானும் ஒரு நாள் இப்படிக் கூட்டத்துக்கு முன்னால் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டார். யாரும் எழுதி வைக்காத இந்த ஜனங்களை எங்கே போய்க் கண்டுபிடிக்கிறீர்கள் என்றும் கேட்டார்.

அடுத்த ஞாயிறு எஸ்தர் ஒரு தாளை மடித்துக் கொடுத்தார். ஆவணக் காப்பகத்தில் கிடந்த ஓலை ஒன்றின் நகல். மேல வீதியில் நான் நிற்கும் இடத்தில் பிரித்துப் படியுங்கள் என்றார்.

எஸ்தர் நின்றது சிங்காரவேலரின் வீட்டு வாசலில். அதன் பழைய தேக்குக் கதவைக் காட்டத்தான் நிறுத்துகிறார் என்று அவருக்குப் பெருமை. இருபது பேர் சுற்றி நிற்க, உரக்கப் படித்தார்.

"நல்லாள் என்பவளையும், அவள் மகள்கள் இருவரையும், இனி அவர்கள் வயிற்றில் பிறப்பவர்களையும், சந்திர சூரியர் உள்ளவரை அடிமையாக விற்றுக் கொடுத்தோம்."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். கடைசி வரியில் வாங்கியவர் பெயர் இருந்தது.

"மேல வீதி மணியம்..."

அதோடு படிப்பதை நிறுத்திவிட்டார். அடுத்து இருந்தது, ஊர் மணியமாக அதிகாரம் செய்த அவருடைய பாட்டனாரின் பாட்டனார் பெயர். அதைத்தான் தன் மகனுக்கும் வைத்திருந்தார். மாடி ஜன்னலில் மருமகள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எஸ்தர் தாளை வாங்கி, பெயரை முழுதாகப் படித்துவிட்டு, கூட்டத்தை அனுப்பி வைத்தார்.

சிங்காரவேலர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சேதான் கொடுத்தீங்களா, டீச்சர்?"

"தெரிஞ்சேதான். எங்கே கண்டுபிடிக்கிறீங்கன்னு கேட்டீங்களே."

இந்தக் கதவைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் தினமும் வெளியே கிளம்புவேன் என்றார் அவர்.

பிறகு தெருவைப் பார்த்தபடியே சிங்காரவேலர் கேட்டார்.

"அடுத்த வாரத்திலேர்ந்து இந்த வீட்டை மட்டும் விட்டுடலாமா?"

"விட்டுடலாம் ஐயா. நல்லாளை யார் வீட்டு வாசல்ல நிறுத்தட்டும்?"