பவளம் என்கிற குதிரை விற்பனைக்கு

வேங்கைக்கோட்டை என்று ஓர் ஊர் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆண்டவர் திருமேனிராயர். நல்ல மனிதர், சாமி கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அவருக்கு இடுப்பில் ஒரு பிடிப்பு வந்தது. இனிமேல் குதிரை ஏறினால் நான் பொறுப்பில்லை என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். பன்னிரண்டு வருஷம் அவரைச் சுமந்த பவளம் என்கிற செந்நிறப் பெண்குதிரை, லாயத்தில் நின்று நின்றே இளைத்தது. ஓடுகிற பிராணியைக் கட்டிப்போடுவது பாவம் என்று ராஜாவுக்குத் தோன்றியது. நல்ல வீடாகப் பார்த்து விற்றுக் கொடுக்கும்படி அம்பலவாணரிடம் சொன்னார். அம்பலவாணர் வாயைத் திறந்தால் ராஜாவுக்குச் சிரிப்பு வரும். அதற்காகவே சபையில் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். குதிரை விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் விஷயத்தை ஓலையில் எழுதி, சந்தை நடுவில் இருக்கிற கம்பத்தில் கட்டிவிட வேண்டும். ஓலை கட்டப் போன அம்பலவாணர், மற்ற ஓலைகளை வாசித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். "வெள்ளைக் குதிரை விற்பனைக்கு. நிறம் கறுப்பு" என்றது ஒன்று. "சாதுவான குதிரை. கடிக்காது. உதைப்பதைப் பற்றி நேரில் பேசலாம்" என்றது இன்னொன்று. "குதிரை தேவை. புல் தின்னாததாக இருந்தால் நல்லது" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். வேறொருவர் குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல், தன் தாத்தா எத்தனை சண்டைக்குப் போனார் என்று ஓலையின் இரண்டு பக்கமும் நிரப்பியிருந்தார்.

அம்பலவாணர் சுருக்கமாக எழுதினார். "பவளம். பெண்குதிரை. வயது பதினைந்து. நல்ல நடை. அன்பான வீடு வேண்டும்."

மறுநாளே அரண்மனையில் திருவிழாக் கூட்டம். குதிரை இன்னும் இருக்கிறதா என்று ஒருவன் ஆள் அனுப்பிக் கேட்டான். இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அதோடு சரி, அப்புறம் பேச்சு மூச்சு இல்லை. இப்படியே ஒரு நாளைக்குப் பத்துப் பேர். ஒருவர் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்து, இரண்டு செம்பு மோர் குடித்துவிட்டு, தனக்கு வேண்டியது எருமை என்றார். கல்யாணத்துக்குப் போகிற வழியில் ஒரு குடும்பம் இறங்கி, பிள்ளைகளை ஆளுக்கு ஒரு சுற்று ஏற்றி இறக்கிக்கொண்டு போனது. இன்னொருவர் குதிரையைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, "கடைசி விலை சொல்லுங்க" என்றார். சொன்னதும், மாமியாரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று பிறகு தெரிந்தது.

இவர்களில் பாதிப் பேரை அனுப்பியது படைத்தலைவரான தளவாய் உடையப்பர். அவர் புது மாளிகை கட்டிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு அரைக்கிற செக்கை இழுக்க ஒரு பிராணி வேண்டும். பவளம் விலைபோகாமல் நின்றால் சும்மாவே வாங்கிவிடலாம் என்று காத்திருந்தார். இந்த வயதில் செக்கில் கட்டினால் அது ஒரு மழைக்காலம் தாண்டாது. ராஜாவுக்கு இதெல்லாம் தெரியாது.

ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. வந்தவர் யாரையும் விரட்டக் கூடாது, அது அரண்மனைக்கு அழகில்லை என்றார். ஆனால் வெட்டிக்கு வருகிறவன் ஒருவனும் வரக் கூடாது என்றும் சொன்னார். பௌர்ணமிக்குள் நல்ல இடம் அமையாவிட்டால் குதிரையை உடையப்பரிடம் விட்டுவிடப் போவதாகவும் சொன்னார்.

அம்பலவாணர் போய் ஓலையின் அடியில் ஒரு வரி சேர்த்தார். "பார்க்க வருகிறவர்கள், லாயத்தில் ஒரு கூடை லத்தி அள்ளிப் போட்டுவிட்டுப் பார்க்கலாம்."

மறுநாள் வாசலில் ஈ காக்கை இல்லை. மூன்று நாள் இப்படியே போனது.

நாலாம் நாள் காத்தாயி வந்தாள். சுற்றுப்பட்ட ஊர்களில் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி. கூடை எங்கே என்று கேட்டாள். அள்ளினாள். லாயக்காரன் போதும் போதும் என்று சொல்லியும், கீழே ஈரம் இருக்கிறது என்று இன்னொரு கூடையும் அள்ளினாள். பிறகு பவளத்தின் காலைத் தூக்கி, குளம்பில் சிக்கியிருந்த கல்லை எடுத்துப் போட்டாள். விலை கேட்கவில்லை. இடி இடித்தால் இது பயப்படுமா என்றுதான் கேட்டாள். அம்பலவாணர் மனசுக்குள் கைகூப்பிவிட்டு அவளைச் சபைக்கு அழைத்துப் போனார்.

உனக்கெதற்கம்மா குதிரை என்று ராஜா கேட்டார்.

"போன மாசம் நெல்லிமேட்டுல ஒரு பொண்ணு வலியில கெடந்துச்சு, மகாராசா. நான் நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ளை போயிருச்சு. அதான்."

உடையப்பர் தொண்டையைக் கனைத்தார். தினம் இரண்டு படி கொள்ளு தின்கிற ராஜ குதிரை, கூழ் குடிக்கிற வீட்டுக்குப் போனால் பட்டினியால் செத்துப்போகுமே, பாவம், வாயில்லாப் பிராணி என்று உருகினார். தன்னிடம் விட்டுவிட்டால் கவலை இல்லை என்றார்.

ராஜா காத்தாயியைப் பார்த்தார். புல் எவ்வளவு வேண்டுமானாலும் அறுத்துப் போடுவேன், கொள்ளுக்குத்தான் வழியில்லை என்றாள் அவள். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

ராஜா பெருமூச்சு விட்டார். "சரி உடையப்பா. நீயே பார்த்துக்கொள்ளு."

சபையில் ராஜா சொன்னால் சொன்னதுதான், மாற்ற முடியாது. தளவாய் முகம் மலர்ந்தது. காத்தாயி கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"கொஞ்சம் நில்லு தாயி" என்றார் அம்பலவாணர். "மகாராஜா உனக்குக் குதிரையைக் கொடுத்துவிட்டாரே, வாங்காமல் போகிறாய்?"

நான் எப்போது கொடுத்தேன் என்று ராஜாவே விழித்தார்.

"தளவாய்க்குக் குதிரை என்று மகாராஜா சொல்லவில்லையே. 'பார்த்து' என்றீர்கள். அவர் இந்நேரமும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார், அது முடிந்தது. அடுத்து 'கொள்ளு' என்றீர்கள். காத்தாயியிடம் இல்லாதது அது ஒன்றுதான். அதை மட்டும் அவர் மாதாமாதம் அவள் வீட்டில் இறக்கிவிட்டால் போதும்."

ராஜா ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். என் வாக்கு என் வாக்குதான் என்று சொல்லி, தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து அம்பலவாணருக்குப் போர்த்தினார். கடிவாளத்தைக் காத்தாயி கையில் தாமே கொடுத்தார்.

தளவாய் மெல்ல, எத்தனை நாளைக்குக் கொள்ளு என்று கேட்டார்.

"பவளத்தின் ஆயுசு உள்ள வரைக்கும்" என்றார் அம்பலவாணர். "அது நூறு வயசு இருக்கவேண்டும் என்று காத்தாயி தினம் சாமியிடம் வேண்டிக்கொள்வாள். நீங்கள் என்ன வேண்டிக்கொள்வீர்கள் என்று நான் கேட்கமாட்டேன்."