உள்பக்கம் விட்ட துணி

"சாமி, என் மக வளர்றத நிறுத்திட்டா" என்றாள் தில்லைநாயகி.

"என்ன வயசு?"

"செத்தப்ப எட்டு."

ஆற்றங்கரைச் சத்திரத்தில் தங்கியிருந்த அந்தச் சந்நியாசினிக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. ஊரே சாமி என்றுதான் கூப்பிட்டது. தன்னைவிட இருபது வயது சின்னவளைப் போய்க் கும்பிடுவதா என்று தில்லைநாயகி பஸ்ஸில் வரும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஆனால் வேறு யாரிடம் சொல்வாள்? டாக்டரிடம் சொன்னால் தூக்க மாத்திரை எழுதுவார். சொந்தக்காரர்களிடம் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

சாமி சிரிக்கவில்லை. காவித்துணியின் கிழிசலை மூட்டிக்கொண்டிருந்தவள், ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தாள்.

"இது வரைக்கும் வளந்தான்னு எப்படித் தெரியும்?"

"சட்டை சொல்லும் சாமி."

வாசலில் இருபது வயதைத் தாண்டிய ஒரு பெண் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தூக்க முடியாமல் தூக்கி வந்து இறக்கிவிட்டு, தூணோரம் போய் நின்றுகொண்டாள்.

"இது யாரு?"

"சின்னவ. தமயந்தி. பெரியவளுக்கு ஒரு வயசு இளையவ. பெட்டிய ஏத்தி இறக்க ஆள் வேணுமே."

சாமி எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தமயந்தியிடம் கொடுத்தாள். பிறகு பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"திறங்க."

பெட்டியைத் திறந்துவிட்டால் தில்லைநாயகி வேறு ஆள். அந்துருண்டை நெடி மேலே ஏறியதும் முகத்தில் இருந்த கவலை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட ஆரம்பித்தாள். நியூஸ்பேப்பரில் அவள் அம்மா தையலுக்கு அளவு வெட்டி வைத்த பேப்பர் கட்டிங்குகள், முன்னுடம்பு, பின்னுடம்பு, கை என்று பென்சிலில் எழுதியபடியே பழுத்துப்போயிருந்தன. பழைய பேப்பர் கடையில் சண்டை போட்டு வாங்கிய சீமைக் கட்டிங் ஒன்று, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு, உறையில் கவுன் போட்ட வெள்ளைக்காரக் குழந்தை. ஊசி குத்தாமல் விரலில் மாட்டிக்கொள்ளும் பித்தளைக் குப்பிகள். நூல் தீர்ந்துபோன மரக்கட்டைகள். ஒரு பிஸ்கட் டின் நிறையப் பித்தான்.

சாமி பித்தான்களை மடியில் கொட்டிக்கொண்டாள். சிப்பிப் பித்தான், கண்ணாடிப் பித்தான், துணி சுற்றிய பித்தான் என்று பிரித்து அடுக்கினாள். வந்த விஷயமே மறந்துபோனவள் மாதிரி இருந்தது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தில்லைநாயகிக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் அந்தக் கண்ணாடிப் பித்தானின் அழகை ஒருத்தியாவது பார்த்தாளே என்று உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

"இதெல்லாம் மேல் சாமான். அடியில என்ன?" என்றாள் சாமி.

தில்லைநாயகியின் கை நின்றது. பிறகு ஒரு வெள்ளை வேட்டியை விலக்கினாள்.

அடியில் சட்டைகள் இருந்தன.

சாமி அவற்றைச் சத்திரத்துத் தரையில் வரிசையாக விரித்தாள். முதலில் மார்பில் சுருக்கு வைத்த மஞ்சள் கவுன். அடுத்து, ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரிய கவுன்கள். பிறகு பாவாடை சட்டைகள். பிறகு தாவணிக்குப் போடும் ரவிக்கைகள். கடைசியில் சேலைக்குப் போடும் ரவிக்கைகள். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. எல்லாச் சட்டைகளும் சேர்ந்தாற்போல நெஞ்சு விம்மி எழுந்து, மறுபடி படுத்தன.

தமயந்தி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள் சாமி.

"மாசி மாசம் குமுதா பொறந்த நாள். ஒவ்வொரு வருஷமும் அன்னிக்கு அவளுக்கு ஒண்ணு தைச்சுப் பெட்டியில வைப்பேன். மொத ரெண்டு மூணு வருஷம் வெச்சது வெச்சபடி இருந்துச்சு. அப்புறம் ஒரு வருஷம் திறந்து பாக்கறேன், பக்கத் தையலைப் பிரிச்சு அகலமாக்கி இருக்கு. கீழ் மடிப்பையும் இறக்கி விட்டிருக்கு."

"பயந்தீங்களா?"

"எதுக்குப் பயம்? எம்பொண்ணு. வளர்றான்னு நினைச்சேன். அந்தச் சட்டைய வெச்சே பேப்பர் வெட்டி அடுத்த வருஷம் பெருசாத் தைச்சேன். உள்பக்கம் தாராளமாத் துணி விட்டேன், பிரிச்சுக்கட்டும்னு. அதையும் பிரிச்சிருந்தா. வருஷா வருஷம் இதேதான்."

"பெட்டியைப் பூட்டுவீங்களா?"

"பூட்டினா அவ எப்படி எடுப்பா?"

சாமி குனிந்து ஒரு ரவிக்கையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிரித்த இடத்தில் கையால் மறுபடி தைத்திருந்தது. நெருக்கமான, சின்னச் சின்னத் தையல்.

"எட்டு வயசுல குமுதாவுக்குத் தைக்கத் தெரியுமா?"

"ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது."

"அப்ப இத எங்க கத்துக்கிட்டா?"

தில்லைநாயகி விரலை மேலே காட்டினாள்.

சாமியும் மேலே பார்த்தாள். சத்திரத்து உத்தரத்தில் ஒட்டடைதான் இருந்தது.

"தையல் உங்க தையல் மாதிரியே இருக்கே."

"எம்பொண்ணுக்கு என் கை வராம யார் கை வரும்?"

சாமி ரவிக்கையின் அக்குளை மூக்கருகே கொண்டுபோனாள். கறை இருந்தது.

"துவைக்கலையா?"

"துவைக்க மனசு வருமா சாமி? அது அவ வாசனை."

தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இப்ப என்ன குறை?"

"ரெண்டு வருஷமாப் பிரிக்கவே இல்ல. போட்டுப் பாத்த மாதிரி இருக்கு, ஆனா பிரிக்கல. வளர்றத நிறுத்திட்டா. அப்புறம் ஒருநாள் வர்றதையும் நிறுத்திடுவா." அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு தடவ வாரிக் கொடுத்துட்டேன். இன்னொரு தடவ என்னால முடியாது. அவ வர்றது நிக்காம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

சாமி சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்தாள்.

"சின்னவளுக்கு என்ன தைச்சீங்க?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. ரெடிமேடு வாங்கிடறது."

"ஏன்?"

தில்லைநாயகிக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து முறுக்கினாள்.

"குமுதாவை நிக்க வெச்சு டேப் வெச்சு அளந்தேன், பொங்கலுக்குக் கவுன் தைக்க. கையைத் தூக்குன்னேன், தூக்கினா. கூச்சமா இருக்குன்னு சிரிச்சா. அன்னிக்கு ராத்திரியே காய்ச்சல். கவுன் தைக்கறதுக்குள்ள போயிட்டா. அதுக்கப்புறம் உயிரோட இருக்கற உடம்பு மேல நான் டேப் வெச்சதில்ல. தொட்டு அளந்தா எமன் காதுல விழுந்துடும்னு ஒரு பயம்."

"யாரையும் அளக்கறதில்ல."

"யாரையும்."

சாமி மடித்த சட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கினாள்.

"மாசி பொறக்கப் போகுது. இந்தத் தடவையும் தைங்க. ஆனா உள்பக்கம் துணி விடாதீங்க. சுத்திலும் ஒரு விரல் குறைச்சுத் தைங்க. கைச் சுத்தளவையும் குறைங்க."

தில்லைநாயகி திடுக்கிட்டாள். "இறுக்குமே சாமி."

"இறுக்கட்டும்."

"பிரிக்கவும் முடியாதே."

"முடியாது. அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கவும் வேணாம். மறுநாள் விடிஞ்சதும் பெட்டியத் திறங்க."

"அவ வராம போயிட்டா?"

சாமி கிழிந்த காவித்துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஊசியைப் பிடுங்கினாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது.

தமயந்தி பெட்டியைத் தூக்கினாள்.

மாசி வந்தது. குமுதாவின் பிறந்தநாளன்று தில்லைநாயகி கைத்தையல் மிஷினை இறக்கித் துடைத்து எண்ணெய் விட்டாள். மாம்பழ நிறத்தில் பட்டுத்துணி எடுத்திருந்தாள். பேப்பரை விரித்து, ஒரு விரல் உள்ளே தள்ளிச் சாக்பீஸால் கோடு போட்டாள். பெற்ற பிள்ளையின் கழுத்தைப் பிடிப்பது போலிருந்தது.

எப்போதும் போலத் தமயந்திதான் சக்கரத்தைச் சுற்றினாள். கைமிஷினில் ஒருத்தி சுற்ற, ஒருத்தி துணியைத் தள்ளினால் கோடு கோணாமல் போகும். சின்ன வயதிலிருந்தே அந்த வீட்டில் அப்படித்தான்.

"உள்ள துணி விடலையாம்மா?"

"சாமி சொன்னதக் கேட்டல்ல?"

"அக்காவுக்கு இறுக்குமே."

"இறுக்கட்டும்னு சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ண?"

சக்கரம் ஒரு கணம் நின்றது. பிறகு சுற்றியது.

விளக்கு வைத்த பிறகு ரவிக்கைக்குக் குங்குமம் வைத்து, குமுதாவின் பெயரைச் சொல்லிப் பெட்டியில் வைத்தாள். மூடியைச் சாத்தும்போது, "கோவிச்சுக்காதடி" என்றாள்.

விடிந்தது. குளிக்கக்கூட இல்லை. நேராகப் போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

ரவிக்கை அவள் வைத்த இடத்திலேயே, மடித்தபடி இருந்தது.

தொட்டாள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

பனியில் பெட்டியின் இரும்பு சில்லிட்டிருந்தது. பட்டு கதகதப்பாக இருந்தது.

மறுபடி தொட்டாள். அக்குளில் ஈரம். முதுகுப் பக்கம் ஓரிடத்தில் தையல் விட்டு, நூல் பிசிறு தொங்கியது. தில்லைநாயகிக்கு மயிர் கூச்செறிந்தது. பயம் எது, சந்தோஷம் எது என்று பிரிக்க முடியவில்லை. இவ்வளவு இறுக்கியும் வந்திருக்கிறாள். கோபித்துக்கொள்ளவில்லை. கிழியக் கிழியப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ரவிக்கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"இப்பத்தான் கழட்டினியாடி? ஒரு நிமிஷம் முன்ன வந்திருந்தா பாத்திருப்பேனே."

"அம்மா, காபி."

தமயந்தி பின்னால் நின்றிருந்தாள். தளர்ந்த நைட்டியில், கலைந்த தலையோடு, டம்ளரை நீட்டினாள். நீட்டியபோது நைட்டிக் கை தோள் வரை வழுக்கிக்கொண்டு போயிற்று.

மேல்கையைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு இருந்தது.

தில்லைநாயகி அதைப் பார்த்தாள். கோட்டில் தையலின் ஒவ்வொரு புள்ளியும் சதையில் பதிந்திருந்தது. நேற்று அவளே மிஷினில் ஓட்டிய தையல். கையிலிருந்த ரவிக்கையைப் பார்த்தாள். மறுபடி மகளின் கையைப் பார்த்தாள்.

தமயந்தி அவசரமாகத் துணியைக் கீழே இழுத்தாள். தில்லைநாயகி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். காபி தளும்பி இருவர் விரலிலும் ஊற்றியது. இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.

தில்லைநாயகி ரவிக்கையைப் பெட்டியில் போட்டாள். எமன் காதில் விழட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாகத் துணியை மேலே தள்ளி, அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். சுற்றிக் கொண்டுபோனாள்.

"இங்க இறுக்குதா?" என்று கேட்டாள்.

தமயந்தி அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரொம்ப வருஷமா இறுக்குதும்மா."