சுரக்காப்பட்டிக்காரங்க ஓட்டுன எட்டு மைலு

ஏய், உக்காருங்கப்பா. நிக்கிறவன் உக்காரு, உக்காந்தவன் வாயை மூடு. அந்தா பின்னால குசுகுசுன்னு பேசுறது யாரு? உன் மாமியா கதைய அப்புறம் பேசலாம், அவ எங்கயும் போயிற மாட்டா. இப்ப சுரக்காப்பட்டிக் கதையக் கேளு.

சுரக்காப்பட்டியில எல்லாம் இருக்கு, அண்டாதான் இல்ல. வருசா வருசம் அம்மன் பொங்கலுக்குக் கீரனேந்தல்காரன்கிட்ட இரவல் வாங்கித்தான் ஊருக்கே சோறு. அவனும் சும்மா குடுக்க மாட்டான். "போன தடவ இதுல ஆட்டுக்குட்டியக் குளிப்பாட்டுனீங்க. இந்தத் தடவயாச்சும் சோறு ஆக்குங்கடா"ன்னு சந்தை முழுக்கக் கேக்கச் சொல்லித்தான் குடுப்பான்.

இந்த வருசம் பொங்கலன்னைக்கே கீரனேந்தல்ல மாட்டுவண்டிப் பந்தயம். மொதப் பரிசு செம்பு அண்டா! நோட்டீசைப் பார்த்ததும் ஊர்ப் பெரியவரு ஒச்சப்பன் துண்டை உதறித் தோள்ல போட்டாரு. "இனிமே இரவல் கெடையாது. அண்டா நமக்குத்தான். வெள்ளத்தாயி, அரிசிய ஊறப்போடு!"

வெள்ளத்தாயிதான் பொங்கலுக்குச் சமைக்கிறவ. பேசவே மாட்டா. தலைய ஆட்டிட்டு ஊரு அரிசி அம்புட்டையும் தொட்டியில ஊறப்போட்டுட்டா. அண்டா வராட்டி அன்னைக்கு ஊரே பட்டினி.

நோட்டீசுல எட்டு மைலுன்னு போட்டிருக்கு. போக நாலு, வர நாலு. ரோட்டுல இருக்கிறதோ கிலோமீட்டர்க் கல்லு.

"ரெண்டுக்கும் என்னண்ணே வித்தியாசம்?"ன்னான் வண்டி ஓட்டுற கொப்பையா.

"மைலு பெருசு, கிலோமீட்டர் சின்னது. ஒரு மைலுக்குள்ள ஒன்றரைக்கு மேல கிலோமீட்டர் கெடக்கு"ன்னான் தவசி. அவன்கிட்ட பைக் இருக்கு, அதனால அவன் சொன்னா ஊரு கேக்கும்.

ஒச்சப்பனுக்கு வேர்த்துருச்சு. "அப்ப பெரிய மாடு மைல்ல ஓடும், சின்ன மாடு கிலோமீட்டர்ல ஓடும். நம்ம வலத்து மாடு பெருசு, இடத்து மாடு சின்னது. வண்டி வட்டமடிச்சிருமேடா!"

ரொம்ப நேரம் கவலப்பட்டாங்க. கடைசியில சின்ன மாட்டுக்கு ஒரு தலப்பாக் கட்டிப் பெருசாக்கிட்டாங்க.

அடுத்தது வேகம். ஒத்திகை ஓட்டத்துல தவசி பைக்குல கூடவே போயி மீட்டரைப் பார்த்தான். "மணிக்கு முப்பது கிலோமீட்டர்ண்ணே. மைல்ல சொன்னா பத்தொம்பதுகூட வராது."

"அடப்பாவி, மெதுவாச் சொல்லு! மாட்டுக் காதுல விழுந்தா சோந்து போயிரும்." சொல்லிட்டு ஒச்சப்பன் கொஞ்சம் யோசிச்சாரு. வந்தது வினை. "தூரத்த மைல்ல வச்சுக்குவோம், எட்டோட முடிஞ்சிரும். வேகத்தக் கிலோமீட்டர்ல வச்சுக்குவோம், முப்பது கெடைக்கும். கீரனேந்தலான் ரெண்டையும் மைல்லயே வச்சுத் திண்டாடட்டும்!"

பந்தயத்தன்னைக்கு மைக்குல சொன்னாங்க: "நாலுல திரும்பணும். திரும்புனதுக்கு அடையாளம் கொண்டாரணும்." நாலாவது மைல்ல ஒருத்தன் நின்னு கொடி குடுப்பான்னு மத்த வண்டிக்காரனுக்கெல்லாம் தெரியும். நம்மாளு பறக்குறான். ரோட்டோரம் ஒரு கல்லு வந்துச்சு. 'கீரனேந்தல் 4'.

"நாலு!"ன்னான் கொப்பையா.

"திருப்பு!"ன்னான் பைக்குல வந்த தவசி.

"அடையாளம்?"

தவசி கடப்பாரைய எடுத்தான். பைக்குல கடப்பாரை எதுக்குன்னு கேக்காதீங்க, அவனுக்கே தெரியாது.

மத்த வண்டி ஒண்ணையும் காணோம், சுரக்காப்பட்டி வண்டி மொதல்ல வந்து நிக்குது! மாட்டுக்கு நுரை தள்ளுது. வண்டிக்குள்ள கல்லு ராசா மாதிரி உக்காந்திருக்கு.

"கொடி எங்கய்யா?"ன்னாரு மைக்குக்காரரு.

"கொடி என்ன பெரிய கொடி? நாலையே கொண்டாந்திருக்கோம்!"னு கல்லத் தூக்கி எல்லைக்கோட்டுல நட்டாங்க.

"நாலு மைலுய்யா! நீ நாலு கிலோமீட்டர்ல திரும்பிட்டு வந்திருக்க!"

அவரு கத்தி முடிக்கல, கீரனேந்தல் வண்டி கொடியோட வந்துருச்சு. ஒச்சப்பன் ரெண்டு கையையும் விரிச்சு மறிச்சாரு. "நில்லு! கல்லைப் படி. கீரனேந்தலுக்கு இன்னும் நாலு இருக்கு. நீ எங்க வந்து சேந்த? ஓட்டு, ஓட்டு!"

அண்டா கீரனேந்தலானுக்குப் போச்சு. கல்லு சுரக்காப்பட்டிக்கு வந்துச்சு.

வெள்ளத்தாயி ஊறுன அரிசிப் பக்கத்துல நிக்கிறா. அவ மூஞ்சியப் பாக்க மூணு பேருக்கும் பயம். "கல்லு அடுப்புக்கு ஆகும் தாயி"ன்னு எறக்கி வச்சாங்க. ஒத்தக் கல்லுல அடுப்பு ஆகுமா? ஓடிப்போயி அஞ்சையும் ஆறையும் பிடுங்கிட்டு வந்துட்டாங்க.

மூணையும் வச்சுப் பார்த்த கொப்பையா மூஞ்சி வாடிப்போச்சு. "அண்ணே, நாலு சின்னது, ஆறு பெருசு. அண்டா சாஞ்சிருமே."

ஒச்சப்பன் சிரிச்சாரு. "நாலை மைலுன்னு வச்சுக்க, ஆறைக் கிலோமீட்டர்னு வச்சுக்க. ரெண்டும் ஒரே மட்டம்டா!"

"அஞ்சு?"

"அஞ்சு எந்தச் சண்டைக்கும் போகாது. நல்ல கல்லு."

மூணு பேரும் அடுப்பத் தட்டிப் பார்த்தாங்க. ஆடல. ஒருத்தன ஒருத்தன் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க.

அப்பத்தான் வெள்ளத்தாயி வாயைத் தொறந்தா.

"அடுப்பு சரிண்ணே. அண்டா மைல்ல வருதா, கிலோமீட்டர்ல வருதா?"